ஆங்கிலம் இன்னும் பொதுவான மொழிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தால் நமக்கு நன்மையா தீமையா என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது வேலைவாய்ப்பில் தொடங்கிப் பண்பாட்டு இழப்பில் முடிந்துவிடுகிறது. அந்த மொழி யாருக்கு எந்த அளவுக்கு நியாயமாக இருக்கிறது என்பதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை.

சிங்கப்பூர் தனிநாடானபோது ஆங்கிலத்தைப் பொதுமொழியாக வைத்துக்கொண்டதற்கு வலுவான காரணம் இருந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என யாராக இருந்தாலும், மிகச் சிலரைத் தவிர, அது எவர் வீட்டிலும் புழங்கிய மொழியன்று. ஆகவே படிப்பிலும் அரசு வேலையிலும் எந்த இனத்துக்கும் அது தனிச் சலுகை தரவில்லை. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய இலங்கையில் என்ன நடந்தது என்பதைத் தமிழர்களுக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலத்தைப் பொதுமொழியாக ஏற்றதற்குச் சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியானது. அந்த விலை தகும் என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசியவர்கள் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர்; 2020இல் அது 48 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. இந்தியர்களிடையே பாதிக்கு மேற்பட்டோரின் வீட்டுமொழி இப்போது ஆங்கிலம்தான். இனங்களுக்கிடையே நடுநிலை வகித்த மொழி, குடும்பங்களுக்கிடையே நடுநிலை தவறத் தொடங்கியிருக்கிறது.

எங்கள் புளோக்கில் தமிழ் மட்டுமே பேசும் வீட்டுப் பையன் ஒருவன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். கணக்குப் புத்தகத்தில் நான்கைந்து வரிகளில் ஆங்கிலத்தில் கதைபோல் ஒரு கேள்வி இருந்தால் பென்சிலை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். அதையே தமிழில் சொன்னால் விரல்விட்டுக்கூட எண்ணாமல் விடை சொல்கிறான். மதிப்பெண் பட்டியலில் அவன் கணக்கில் பின்தங்கியவன்.

இப்படிப்பட்ட பெற்றோரிடம், “வீட்டிலும் இங்கிலீஷ் பேசுங்கள், பிள்ளை தேறிவிடுவான்” என்று நல்லெண்ணத்தோடு அறிவுரை சொல்பவர்கள் உண்டு. இதைவிடக் கெடுதலான அறிவுரை இருக்க முடியாது. தங்களுக்கே சரளமாக வராத மொழியில் பெற்றோர் பேசத் தொடங்கினால், சாப்பிட்டாயா, தூங்கு, வீட்டுப்பாடம் முடிந்ததா என்பதோடு பேச்சு நின்றுவிடும். பிள்ளைக்கு அந்த ஆங்கிலமும் உருப்படியாக வராது. தாத்தா பாட்டியிடம் வாதாடி, கதை கேட்டு வளரவேண்டிய தமிழும் வற்றிவிடும். (ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் மேடையேறி மனப்பாடமாக ஒப்பிக்கும் தமிழை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.)

தொடக்கநிலை ஒன்று, இரண்டில் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கணக்கின் கருத்தை முதலில் தாய்மொழியில் விளக்கிவிட்டுப் பிறகு ஆங்கிலக் கேள்விக்குக் கொண்டுபோகலாம். அதற்குப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற நம் சமூக அமைப்புகள் நடத்தும் துணைப்பாட வகுப்புகளிலேயே, தமிழ் தெரிந்த ஆசிரியர்களைக் கொண்டு இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்