வார்டுக்கும் தோல் மருத்துவர் வரட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் என் அம்மா இரண்டு கால்களும் வீங்கி, சூடாகி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தோலுக்கு அடியில் கிருமித்தொற்று என்று நான்கு நாள் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். வீக்கம் குறையவில்லை. அப்புறம்தான் தோல் மருத்துவரை வார்டுக்கு அழைத்தார்கள். அவர் காலை அழுத்திப் பார்த்தார், அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினார். ரத்தம் கால்களில் தேங்குவதால் வந்த தோல் அழற்சி, தொற்று இல்லை என்றார். இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் தொற்று வருவது அரிதாம். ஆன்டிபயாட்டிக் நின்றது. களிம்பும் கால்களைச் சுற்றி இறுக்கமான கட்டும் போட்டதில் வீக்கம் வடிந்தது.

வார்டு மருத்துவர்கள் அக்கறையாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நம்மைப் போன்ற கருத்த, மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும். பழகிய கண்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

மருந்து ஒவ்வாமை இன்னும் கவலையானது. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், கௌட் வாதத்துக்குத் தரும் அலோபியூரினால் போன்றவை மிகச் சிலருக்குத் தோலையே உரித்து உயிருக்கு உலை வைத்துவிடும். எந்த மருந்தை உடனே நிறுத்துவது என்பதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

தேசியத் தோல் நிலையம் இருக்கும் ஊர் நம் சிங்கப்பூர். தோல் மருத்துவரை முதல் இரண்டு நாளிலேயே வார்டுக்கு அழைப்பதை எல்லா மருத்துவமனைகளும் வழக்கமாக்க வேண்டும். நேரில் வர முடியாவிட்டால், சரி, படம் அனுப்பியாவது கருத்துக் கேட்கலாமே.

வாசகி, ஈசூன்