எடை பாக்க மட்டும் வர்றதில்ல அவங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர், பிரசவமான தாயையும் குழந்தையையும் பாக்க வீடு வீடா போற ஹெல்த் விசிட்டர்ங்க எதுக்கு, குழந்தைய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனா எடை பாக்க மாட்டாங்களா, எல்லாம் வீண் செலவுன்னு எழுதியிருந்தார். படிச்சதும் கோவம் வந்துச்சு, அப்புறம் சிரிப்பும் வந்துச்சு, ஏன்னா முதல் குழந்தை பொறக்கறவரைக்கும் நானும் இதையேதான் சொல்லிட்டு இருந்தேன்.

குழந்தை பொறந்த 3வது நாள் ஒரு விசிட்டர் அம்மா வந்தாங்க. தராசுல வச்சுப் பாத்தா பொறந்தப்ப இருந்தத விட எடை கம்மி. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, உடனே பவுடர் பால் வாங்கியாரவான்னு கேட்டேன். முதல் சில நாள் எடை இறங்கறது சகஜம் தம்பி, 10 சதவீதத்துக்கு மேல போனாத்தான் டாக்டர்கிட்ட காட்டணும், ரெண்டு வாரத்துல பழைய எடைக்கு வந்துரும்னாங்க. சொல்லிட்டு கிளம்பல, அதுதான் விஷயம். அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து குழந்தை எப்படி குடிக்குதுன்னு பாத்தாங்க, காம்ப மட்டும் கவ்விட்டு இருந்தத வாய நல்லா திறந்து கவ்வற மாதிரி மாத்தி வச்சாங்க, என் மனைவி முகத்துல இருந்த வலி அப்பவே கொறஞ்சுது. இத எந்த க்யூவுல நின்னு கத்துக்க முடியும் சொல்லுங்க.

நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல மூச்சு விட்டாலோ, நெஞ்சு உள்ள இழுத்தாலோ, பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு ஜில்லுன்னு ஆனாலோ ராத்திரின்னு பாக்காம கிளம்புங்கன்னு சொன்னதும் அவங்கதான். அடுத்த முறை வந்தப்ப என்ன கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லிட்டு மனைவிகிட்ட தனியா பேசினாங்க. எனக்கு அப்ப கடுப்பா இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, கடந்த 7 நாள்ல சிரிக்க முடிஞ்சுதா, காரணமில்லாம பயம் வந்துச்சா, தன்னையே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சான்னு பிரசவமான தாய்க்கு டிப்ரஷன் இருக்கான்னு பாக்க 10 கேள்வி இருக்காம், எடின்பரோ ஸ்கேல்னு பேரு, 1987லயே வந்தது. பிரசவத்துக்கு அப்புறம் சில நாள் அழுகை வர்றது நெறைய பேருக்கு இருக்கும், ஆனா ரெண்டு வாரம் தாண்டியும் போகலன்னா அது டிப்ரஷனா இருக்கலாம், பாக்கணும். ஒரே வீட்ல இருந்த எனக்கு இவ்ளோ நாளா ஒண்ணும் தெரியல, சோர்வுன்னு நெனச்சேன். வீட்டுக்கு ரெண்டாவது தடவை வந்தவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில ஆறு பேர் முன்னாடி நல்லா இருக்கியாம்மான்னு கேட்டா யாரா இருந்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா.

உலக சுகாதார நிறுவனமே முதல் 24 மணி நேரத்துல ஒண்ணு, அப்புறம் 48லேருந்து 72 மணி நேரத்துக்குள்ள, 7லேருந்து 14 நாளுக்குள்ள, 6வது வாரத்துலன்னு குறைஞ்சது நாலு தடவை தாயையும் குழந்தையையும் பாக்கணும்னு சொல்லுது, முதல் வாரத்துல வீட்டுக்கே போய் பாக்கறதையும் சிபாரிசு பண்ணுது. சும்மா யாரோ கெளப்பிவிட்டது இல்ல.

எல்லா விசிட்டரும் தங்கம்னு நான் சொல்ல வரல. இன்னொரு தடவை வேற ஒருத்தங்க வந்தாங்க, உக்காரக்கூட இல்ல, நின்னுட்டே போன்ல எதையோ தட்டிட்டு ஒரு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டாங்க. திட்டலாம்னு பாத்தா, அன்னைக்கு இன்னும் எத்தன வீடு பாக்கி இருக்குன்னு அவங்க சொன்னதக் கேட்டு வாய மூடிட்டேன். வீட்டு எண்ணிக்கைய மட்டும் டார்கெட்டா வச்சா அந்த அரை மணி நேரம் எங்கேருந்து வரும்? விசிட்டர்ங்கள குறைக்கறதப் பத்தி பேசறவங்க, ஒரு விசிட்டருக்கு எத்தன வீடுன்னு மொதல்ல கேட்டுட்டு வரட்டும்.

என் மனைவி இப்ப நல்லா இருக்காங்க. இந்த லெட்டர அவங்ககிட்ட படிச்சுக் காட்டிட்டு, அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் அனுப்பறேன்.

இப்படிக்கு,
ரெண்டு குழந்தைக்கு அப்பாவான ஒரு வாசகர்