நாய் தங்கிப்போன அறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். கோவையில் வெயில் குறைந்தபாடில்லை. நீ அனுப்பிய போட்டோவில் பெரியவன் மாப்பிள்ளை தோள் உயரத்துக்கு வந்துவிட்டானே!

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். ஸ்மோக்கி மலைக்குப் போகும்போது தங்க மாப்பிள்ளை கேட்லின்பர்க்கில் புக் செய்திருக்கும் ஹோட்டலில் நாய்களுக்கு அனுமதி உண்டு என்று தெரிந்ததும், ஆஸ்துமாவும் நாய் ஒவ்வாமையும் உள்ள பெரியவனை நினைத்து நீ படபடத்துப் போனாய். அதை ரத்து செய்துவிட்டு, நாய்க்கு அனுமதி இல்லை என்று போட்டிருக்கும் ஹோட்டலாகப் பார்த்து மாற்றப் போகிறேன் என்றாய். மாற்றுவதென்றால் மாற்று கண்ணு, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி மாற்றாதே. ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன், அந்த உரிமையில் சொல்கிறேன். போர்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது வேறு, உனக்குக் கொடுக்கப் போகிற அறையில் நேற்று எது படுத்திருந்தது என்பது வேறு. நீ கேட்க வேண்டியது இரண்டாவதை.

உங்கள் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி மாப்பிள்ளை அனுப்பியதைப் படித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்காக 1990இல் கொண்டுவந்த சட்டம். கண் தெரியாதவருக்கு வழிகாட்டுவது, வலிப்பு வந்தவருக்குக் காவல் நிற்பது என்று பயிற்சி கொடுத்த சேவை நாயை எந்த ஹோட்டலும் உள்ளே விட்டே ஆக வேண்டும். நாயே கூடாது என்று எழுதி வைத்த ஹோட்டலுக்கும் இதேதான். அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. ‘நாய்க்காரர்களுக்கு இந்த அறைதான்’ என்று ஒதுக்கவும் கூடாது. முடி கொட்டியதற்காகச் சுத்தம் செய்த கூலி கேட்கவும் கூடாது. ரிசப்ஷனில் இருப்பவர் கேட்கக் கூடியது இரண்டே கேள்வி: உடல்குறை காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள். சான்றிதழ் எங்கே என்று கேட்க முடியாது. பக்கத்து அறைக்காரருக்கு ஒவ்வாமை என்பதும் ஒரு காரணமாக நிற்காது. இரண்டு பேரையும் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டு பேருக்கும் இடம் கொடு என்கிறது சட்டம். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. கண் தெரியாதவர் நாயை வாசலில் கட்டிவிட்டு எப்படிப் படி ஏறுவார்? ஆனால் உன் கணக்குக்கு வந்தால், அமெரிக்காவில் எந்த ஹோட்டலும் ‘இந்த அறையில் நாய் கால் வைத்ததே இல்லை’ என்று சத்தியம் செய்ய முடியாது.

சட்டத்தைவிடப் பெரிய ஓட்டை திருட்டுத்தனமாகக் கொண்டுவருவது. ஊட்டியில் நான் பார்க்காததா? கைப்பையில் பொமரேனியனை வைத்து, மேலே சால்வையைப் போட்டு மாடிக்குக் கொண்டு போவார்கள். ரூம் பாய் மறுநாள் பாத்டப் ஓட்டையில் முடியைப் பார்த்துத்தான் சொல்வான். அதை யாரும் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதுவதில்லை. நாயை வெளிப்படையாக அனுமதிக்கும் பல ஹோட்டல்களில் அப்படியில்லை. நாய்க்கென்று சில அறைகளையோ ஒரு தளத்தையோ ஒதுக்கியிருப்பார்கள், கட்டணம் வாங்கியிருந்தால் எந்த அறையில் எந்த நாள் என்பது கணக்கில் இருக்கும். கேட்டால் சொல்ல ஆள் உண்டு. அதனால் மாப்பிள்ளை செய்த புக்கிங் அப்படியொன்றும் மோசமில்லை. அவரைத் திட்டாதே.

வாடகை வீடு எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாய். அதில் இன்னும் கவனம் வேண்டும். ‘வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி இல்லை’ என்று போட்டிருந்தால் வருகிறவர்கள் கொண்டுவரக் கூடாது என்று மட்டும்தான் அர்த்தம். வீட்டுக்காரரின் நாய் மற்ற நாளெல்லாம் அதே சோபாவில் படுத்துக் கிடக்கலாம். நேரடியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கு.

பெரியவனின் ஒவ்வாமை ரிப்போர்ட்டில் ‘கேன் எஃப் 1’ என்று இருந்ததே, அது நாயின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். நாய் தன்னை நக்கிக்கொள்ளும், காயும், செதிலாக உதிரும். முடி அதைச் சுமந்துகொண்டு போகிற வண்டிதான். அதனால் தரையில் முடி இல்லை என்பதை வைத்து அறை சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. மெல்லிய தூளாகக் காற்றில் மிதக்கும், திரைச்சீலையிலும் மெத்தையிலும் போய் ஒட்டிக்கொள்ளும், ஆட்களின் துணியில் ஏறி நாயே இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரும். ‘கேன் எஃப் 5’ என்று இன்னொன்றும் உண்டு, அது ஆண் நாயிடம் மட்டும் வருவது. சிலருக்கு அது ஒன்றுதான் ஆகாது. நம் குட்டிப் பிள்ளைக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்யலாமா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுப் பார்.

ஒபாமா வீட்டுக்கு 2009இல் ஒரு போர்ச்சுகீசிய நாய் வந்ததே, மூத்த பெண்ணுக்கு ஒவ்வாமை என்பதால் தேடிப் பிடித்த இனம் என்றார்கள். அதிலிருந்து ‘இந்த இனம் ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. 2011இல் அமெரிக்காவிலேயே வீட்டுத் தூசியை எடுத்து அளந்து பார்த்தார்கள். அப்படிப் பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற நாய் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரிசப்ஷனில் ‘நேற்று இருந்தது பூடில் வகைதான் மேடம், கவலை வேண்டாம்’ என்றால் சிரித்துவிட்டு வேறு அறை கேள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பதினோரு மணிக்கு ஒருவர் காலி செய்கிறார், மூன்று மணிக்கு நீ வருகிறாய். நடுவில் அந்த அறைக்குக் கிடைப்பது அரை மணி நேரம். ஒரு ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் பதினான்கு பதினாறு அறை என்றால் அதற்கு மேல் எப்படி முடியும்? அந்த அரை மணியில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு மாறும். பாத்ரூம் கழுவப்படும். கட்டிலின் கால்மாட்டில் அழகுக்குக் குறுக்கே ஒரு பட்டைத் துணி போட்டிருப்பார்களே, அது மாறாது. குஷன் மாறாது. திரைச்சீலை, சோபா, பல இடங்களில் மேலே போர்த்தும் கனத்த ரஜாய், எதுவும் ஒவ்வொரு ஆளுக்கும் துவைக்கப்படுவதில்லை. கார்ப்பெட்டுக்கு வேக்குவம் போடுவார்கள், ஷாம்பூ போடுவது எப்போதோ ஒருமுறை. நல்ல ஃபில்டர் இல்லாத பழைய வேக்குவம் என்றால் கீழே கிடந்ததைக் கிளப்பி மேலே விடுவதோடு சரி. நாய் எங்கே படுக்கும் என்று நினைக்கிறாய்? அழுக்குப் படக்கூடாது என்று நாம் பயப்படும் இடங்களில்தான். சோபா, கால்மாட்டுத் துணி, தரை தொடும் திரையின் அடிப்பகுதி. காரை விட்டு இறங்கி வந்த நாய்க்கு முதலில் வேண்டியது மெத்துமெத்தென்று ஒரு இடம்.

எங்கள் ஹோட்டலுக்கு எஸ்டேட்காரர்கள் லாப்ரடார் நாயோடு வருவார்கள். ஒரு டிசம்பரில் அப்படி ஒருவர் காலையில் காலி செய்த அறையை, சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மாலையில் கொடுத்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஃப்ளோரிலிருந்து போன். ஏழெட்டு வயசுப் பையன், கட்டிலில் உட்கார்ந்து முட்டியில் கையை ஊன்றி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. டாக்டர் வரும்வரை அவனை வெளி வராந்தாவில் கம்பளி போர்த்தி உட்கார வைத்தோம். அம்மாக்காரி இன்ஹேலரைப் பெட்டியில் எந்த அடுக்கில் வைத்தோம் என்று தெரியாமல் துணியையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்தார். மாற்று அறைக்குப் போனதும் அவன் தூங்கிவிட்டான். அதற்குப் பிறகு நாய் தங்கிய அறையை அன்றைக்கே வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று எங்கள் ஃப்ளோரில் பழக்கமாகிவிட்டது. மேலிடத்து உத்தரவெல்லாம் இல்லை, நாங்களாகச் செய்துகொண்டது. இப்படி ஒரு பழக்கம் இருக்கிறதா இல்லையா என்பது ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அதனால் நீ போன் செய்யும்போது புக்கிங் எடுக்கும் பொது நம்பருக்குச் செய்யாதே. அவர்கள் எங்கோ உட்கார்ந்து திரையைப் பார்த்துப் படிப்பவர்கள். அந்த ஹோட்டலுக்கே நேராகக் கூப்பிட்டு, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரோடு பேச வேண்டும் என்று கேள். மத்தியானம் ரெண்டு மணி வாக்கில் கூப்பிடு, காலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நாய்க்கு ஒதுக்காத தளம் எது, அங்கே கார்ப்பெட் இல்லாத அறை உண்டா, சோபா துணியா லெதரா, துவைத்த ரஜாய் போட முடியுமா என்று கேள். ஆஸ்துமா உள்ள குழந்தை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடு. சொன்னால் எந்த சூப்பர்வைசரும் காது கொடுப்பார். அதட்டலாகக் கேட்டால் கிடைக்காதது இப்படிக் கேட்டால் கிடைக்கும். பேசியவர் பெயரைக் குறித்துக்கொண்டு, புக்கிங்கில் குறிப்பாக ஏற்றச் சொல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆடம்பர ஹோட்டல் என்றால் கனமான கார்ப்பெட், வெல்வெட் திரை, பத்து குஷன். கிம்ப்டன் மாதிரி ஒசத்தியான ஹோட்டல்களே எந்த அளவு நாயானாலும் சரி என்று வரவேற்கின்றன. சாலையோர மோட்டல்கள் பலவற்றில் இப்போது கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரம் போலத் தெரியும் வினைல் தரை போட்டிருக்கிறார்கள். ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. பையனின் மூச்சுக்கு எது நல்லது என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். உன் அம்மாவுக்கு இது பிடிக்காது, அவளுக்கு லாபியில் பூ ஜாடி இருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை இறக்காதே. பிள்ளைகள் மாப்பிள்ளையோடு வெளியிலேயே இருக்கட்டும், நீ மட்டும் சாவி வாங்கிப் போய்ப் பார். கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை மூக்கில் ஏறினால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள், அந்த ஸ்பிரேயே ஆஸ்துமாவுக்கு ஆகாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒன்றைப் பையில் போட்டுக்கொள். அதை ஈரமாக்கி சோபாவில் ஒரே பக்கமாக இழுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த முடியெல்லாம் திரண்டு உருளும். எங்கள் தொழில் ரகசியம் அது. ஜன்னலுக்குக் கீழே சுவரோடு பதித்த ஏசி இருந்தால் முன்மூடியைத் திறந்து ஃபில்டரைப் பார், பழைய முடியும் தூசியும் அங்கேதான் பாய் போல் படிந்திருக்கும். பிடிக்கவில்லையென்றால் உடனே கீழே போய் அறையை மாற்றச் சொல். பெட்டி திறந்து, பிள்ளைகள் கட்டிலில் குதித்த பிறகு மாற்றுவது அவர்களுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்.

அறை சரியாக இருந்தாலும் கால்மாட்டுத் துணியையும் குஷனையும் எடுத்து அலமாரிக்குள் போட்டு மூடிவிடு. பிள்ளைகளின் தலையணை உறையையும் போர்வையையும் வீட்டிலிருந்தே கொண்டு போ. காற்றைச் சுத்தம் செய்ய வீட்டில் இருக்கும் அந்தச் சின்ன ஹெப்பா மெஷினும் காரில் ஏறட்டும், காற்றில் மிதப்பதைப் பிடிக்கும். சோபாவில் படிந்ததை அது ஒன்றும் செய்யாது, அதனால் அதை ஓட விட்டாயிற்றே என்று மற்றதை விட்டுவிடாதே. இன்ஹேலர் உன் தோள்பையில், வெளி அடுக்கில். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுப் போகாதே, அழுத்தத்தில் அடைத்த டப்பா அது. அரிப்பு மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாமா என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள். வாடகைக் கார் எடுப்பதானால் அதன் பின்சீட்டிலும் கையுறையை ஒரு இழு இழுத்துவிடு.

பெரியவனைப் பற்றி ஒன்று. அவனுக்கு நாய் என்றால் உயிர், அதுதான் வேதனை. லாபியில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் வாலை ஆட்டினால் போதும், ஓடுவான். ‘ஐயோ நாய்’ என்று நீ கையைப் பிடித்து இழுக்காதே, அவன் நாயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தள்ளி நின்று பார்க்கலாம், பெயர் கேட்கலாம், தொட வேண்டாம். தப்பித் தவறித் தொட்டால் கண்ணைக் கசக்காமல் சோப்புப் போட்டுக் கை கழுவு, சட்டையை மாற்று, அவ்வளவுதான் என்று பழக்கு. நாய்க்காரரிடம் சண்டைக்கு நிற்காதே. லிஃப்டில் நாய் ஏறினால் அடுத்த லிஃப்டுக்கு நில்.

இன்னொரு நல்ல செய்தி, மாப்பிள்ளைக்கும் சொல். ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்குள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க அனுமதித்த பாதைகள் இரண்டே இரண்டுதான். கேட்லின்பர்க் பாதை, ஓகனலஃப்டீ ஆற்றுப் பாதை. மற்ற பாதைகளில் பெரியவன் இஷ்டத்துக்கு ஓடலாம். அதனால் பகலெல்லாம் மலையில் இருங்கள், அறைக்குத் தூங்க மட்டும் வாருங்கள். திரும்பி வந்ததும் துணியெல்லாம் நேராக மெஷினுக்குள் போகட்டும், அலமாரிக்கு வேண்டாம்.

சூப்பர்வைசரோடு பேசியதும் என்ன சொன்னார் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. கார்ப்பெட் அறைதான் இருக்கிறது என்றால் அதற்கு என்ன கேட்பது என்று நான் சொல்கிறேன். அம்மா முறுக்கும் எள்ளுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறாள், பயணத்துக்கு முன் வந்துவிடும். குட்டிக்கு அதில் தனி டப்பா.

அன்புடன்,
அப்பா