புளோரிடாவிலிருந்து அப்பாவுக்கு: வாள்மீனும் 47 அங்குலமும்

மயாமி

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது, நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "படகோரம் வரைக்கும் வலித்துக் கொண்டுவந்த மீனைத் திரும்பக் கடலில் விடுவதற்கு எதற்காகப் பெட்ரோல் எரித்துக் கடலுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டீர்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையில் பிறந்து, நாற்பது வருடம் ஆழ்கடலில் தூண்டில் போட்ட ஒருவர் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். சாயங்காலம் கரையில் கூடும்போது மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் வேலை செய்யும் இயந்திரப் பட்டறையின் மூத்த மெக்கானிக் ஒரு படகு வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அவரோடு நாங்கள் இரண்டு மூன்று பேர் வாள்மீன் பிடிக்கப் போவோம். கரையிலிருந்து 20 மைலுக்குள்ளேயே 1,500 அடிக்கு மேல் ஆழம் வந்துவிடுகிறது. நம் கணக்கில் 250 பாகம். அந்த இடத்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீவாடு நீங்கள் பார்த்த எந்த நீவாட்டுக்கும் இளைத்ததல்ல. வளைகுடா நீரோட்டம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான் இது. பகலில் வாள்மீன் அடியாழத்தில் கிடக்கும். இருட்டியதும் கணவாயைத் தேடி மேலே ஏறிவரும். ஆகவே பகலில் பிடிப்பவர்கள் 4, 5 கிலோ எடையைக் கட்டி இரையை அடிவரைக்கும் இறக்குகிறார்கள். இரவில் பிடிப்பவர்கள் இரைக்குச் சற்று மேலே பச்சை வெளிச்சம் தரும் சிறு குச்சியைக் கட்டி, படகை நீவாட்டின் போக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். எங்கள் படகு பெரும்பாலும் இரவில்தான் போகும். அடியாழத்துக் குளிரிலும் இருட்டிலும் வேட்டையாடுவதற்காக, தன் கண்ணையும் மூளையையும் மட்டும் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்ளும் உறுப்பொன்று இந்த மீனின் கண் தசையிலேயே அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, அந்தப் பெரிய நீலக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மரியாதை வருகிறது.

இனி விதிகளுக்கு வருகிறேன். தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வேறு அனுமதி, வேறு கணக்கு. எங்களைப் போல ஓய்வு நாளில் போகிறவர்களின் படகுக்கும் மத்திய அரசின் மீன்வளத் துறையிடம் ஆண்டுதோறும் அனுமதி வாங்கியாக வேண்டும். அனுமதி ஆளுக்கு அல்ல, படகுக்கு. அந்தப் படகில் போகும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வாள்மீன். எத்தனை பேர் ஏறியிருந்தாலும் ஒரு பயணத்துக்கு நான்கு மீனுக்கு மேல் கூடாது. வாடகைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகுகளுக்கு இந்த எண்ணிக்கை வேறு. கரைசேர்ந்த 24 மணி நேரத்துக்குள், இன்ன அளவில் இத்தனை மீன் கொண்டுவந்தோம் என்று துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தூண்டில் கோலும், படகோடு கட்டப்பட்ட கைத்தூண்டிலும் போடலாம். மிதவையில் கட்டிக் கடலில் விட்டுவிட்டுப் பிறகு தேடி எடுக்கும் தூண்டில் எங்களுக்குக் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அனுமதியில் பிடித்த மீனில் ஒரு துண்டைக்கூட விற்கக் கூடாது. ஏலமும் தரகரும் இல்லாத மீனை உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கும் முதலில் அது பிடிபடவில்லை. நான்கு வீட்டுக்கும் பங்கு வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறோம். பாதரசம் சேரும் மீன் என்பதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இதைச் சாப்பிட வேண்டாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. ஆகவே பேரனுக்கு நாங்கள் கொடுப்பதில்லை.

நீங்கள் கோபித்த விஷயம் அளவு பற்றியது. கீழ்த்தாடையின் நுனியிலிருந்து வால் பிளவு வரைக்கும் 47 அங்குலம், அதாவது 119 சென்டிமீட்டர், நம் முழக்கணக்கில் இரண்டரை முழத்துக்குச் சற்று மேல் இருந்தால்தான் மீனை வைத்துக்கொள்ளலாம். வாள்போல நீண்டிருக்கும் மேல்தாடை கணக்கில் சேராது. வாளோடு சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்குச் சிறிய மீனும் பெரிதாகவே தோன்றும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் புதியவர்கள் எல்லோருமே ஏமாந்துபோகிறார்கள். நாடாவை மீனின் வயிற்று வளைவின் மேல் ஒட்டிவைத்து அளந்தால் இரண்டு அங்குலம் கூடிவிடும். அதனால் நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். தலையை வெட்டிவிட்டுக் கொண்டுவந்தால், தோள் எலும்பிலிருந்து வாலடி மேடு வரைக்கும் உடலோடு ஒட்டி அளந்து 25 அங்குலம் இருக்க வேண்டும். சுறா கடித்துப் பாதி போன மீனானாலும், மிஞ்சிய உடல் அந்த அளவுக்குக் குறையக் கூடாது. விடப்போகும் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவும் கூடாது. நீங்கள் படத்தில் பார்த்தது அதைத்தான்: படகோரத்தில் நீரிலேயே பிடித்துவைத்து, கோலை நீட்டி அளந்துகொண்டிருந்தோம். 45 அங்குலம் இருந்தது. தங்கூசி நூலை வாயருகில் வெட்டிவிட்டோம்; இரண்டு முறை வாலை அடித்துவிட்டு இருட்டுக்குள் இறங்கிப் போய்விட்டது.

ஆனால் எல்லா மீனும் அப்படிப் போவதில்லை, அப்பா. சென்ற ஆண்டு ஒரு மீன் தூண்டிலை வயிறு வரைக்கும் விழுங்கியிருந்தது. படகோரம் வந்தபோதே அதன் உயிர் பாதி போயிருந்தது. அளந்தால் ஒன்றரை அங்குலம் குறைவு. கூட வந்த ஒருவர், "செத்த மீனைக் கடலில் எறிந்து யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். படகுக்காரர் பதில் சொல்லவில்லை. மீனைப் பிடித்துக்கொண்டு படகை மெல்ல நகர்த்தச் சொன்னார், செவுளுக்குள் நீர் ஓடட்டும் என்று. கால் மணி நேரம் முயன்றும் அது பிழைக்கவில்லை; விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகப் புரண்டுகொண்டே கீழே போனது. அன்று வீடு திரும்பும் வரைக்கும் நான் யாரோடும் பேசவில்லை. பசித்த நாட்களில் அம்மா ஒரு சாளையை மூன்று பேருக்குப் பங்கு வைத்ததுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் வளைந்த முனையுள்ள வட்டத் தூண்டிலையே பயன்படுத்துகிறோம். அது பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும்.

அந்த இரவு உங்கள் கேள்வியை நானும் கேட்டேன். பதிலைப் படகுக்காரர் சொல்லக் கேட்டு, பிறகு தேடியும் படித்தேன். 1990களில் வட அட்லாண்டிக்கில் வாள்மீன் அருகிப்போயிருந்தது. மைல் கணக்கில் நீளும் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி விடும் படகுகளில், விலைக்குப் போகாத குட்டி மீன்களும் திரளாகச் சிக்கிச் செத்தன. 1998-இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற சமையற்காரர்கள் பலர், இந்த மீனை இனிச் சமைக்க மாட்டோம் என்று கூடி அறிவித்தார்கள். 1999-இல் அட்லாண்டிக் சூரை மீன்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்து, நாடு நாடாகப் பிடிப்பின் அளவைக் கட்டியது. 2001-இல் குட்டிகள் வளரும் இந்தக் கிழக்கு புளோரிடாக் கடலில் அந்த நீளக்கயிற்றுத் தொழிலையே மூடினார்கள். பத்தாண்டு முடிவதற்குள், 2009-இல், மீன் வளம் மீண்டுவிட்டது என்று ஆணையம் அறிவித்தது. இந்த 119 சென்டிமீட்டரும் அந்த ஆணையம் வகுத்த கணக்குத்தான். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளைக் கட்டிப்போடும்போது வீட்டில் அடுப்பெரிவதே சிரமமாக இருந்தது எனக்கு மறக்கவில்லை. கடலுக்கு ஓய்வு கொடுப்பதன் பாரத்தைப் பிழைப்புக்குப் போகிறவன் தலையில் மட்டும் ஏற்றுவது சரியல்ல என்று இன்றும் நினைக்கிறேன். இங்கே என்னைப் போலப் பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்குப் போகிறவனுக்கும் ஒரு மீன் என்று கணக்கு வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இருந்தாலும் அந்த 47 அங்குலத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. வாள்மீனில் பெண்தான் பெரிதாக வளரும். பெண் சினை பிடிப்பதற்கு நான்கைந்து வயதாகும்; அதற்குள் அது 47 அங்குலத்தை வெகுதூரம் தாண்டியிருக்கும். அப்படியென்றால் 47 அங்குலத்தைத் தொட்டதும் அளவுகோல் "எடுத்துக்கொள்" என்று சொல்லும் மீன், பெண்ணாக இருந்தால், ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. மிகச் சிறிய குட்டிகளை இந்த அளவு காப்பாற்றுகிறது, தாயாகப் போகிற மீனைக் காப்பாற்றவில்லை. அளவை இன்னும் கூட்டினால், செத்துத் திரும்பும் மீனும் கூடும் என்பது மறுபக்கத்து நியாயம். அதையும் நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆகவே எங்கள் படகில் நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: 60 அங்குலத்துக்குக் குறைந்த மீன் தெம்பாக இருந்தால் விட்டுவிடுவது, நான்கு மீன் அனுமதி இருந்தாலும் இரண்டு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். லட்சத்தீவுக்கு அப்பால் சுறாவுக்குப் போட்ட தூண்டிலில் வாள்மீன் ஏறியதை நீங்கள் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அவற்றைக் கீறியபோது சினை கண்ட மீன்கள் எத்தனை முழம் இருந்தன, எந்த மாதத்தில் கண்டீர்கள் என்பதை நினைவிருக்கும்வரை அம்மாவிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூத்த மாமாவிடமும் கேளுங்கள்; மாதங்களை அவர் திருநாள் கணக்கு வைத்துச் சரியாகச் சொல்வார். அடுத்த சனிக்கிழமை நிலவில்லாத இரவு. போய்வந்ததும் எழுதுகிறேன்.

அன்பு மகன்