ஓடிய வண்டியும் நின்ற வண்டியும்

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் நிதானமாகப் பார்த்தேன். நம்பர் பிளேட் தெரிந்தால் போதும், உங்கள் இங்கிலாந்து வண்டியின் எம்ஓடி வரலாற்றை, அதாவது வருடாந்திரத் தகுதிச் சோதனை வரலாற்றை, இங்கே உட்கார்ந்தபடியே அரசாங்கப் பக்கத்தில் காசில்லாமல் பார்க்க முடிகிறது. பெரிய வசதி அது. இரண்டுமே கூரை திறக்கும் போர்ஷே பாக்ஸ்டர் எஸ் கார், 986 மாடல், 3.2 லிட்டர் எஞ்சின், ஆறு கியர். சிவப்பு 2001-ல் வந்தது, 46,000 மைல். வெள்ளி 2003, 1,28,000 மைல். உனக்குச் சிவப்பு பிடித்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு வெள்ளி. மைல் குறைவாக இருப்பதுதானே நல்லது என்று கேட்டிருக்கிறாய். இந்த வண்டியில் அப்படி இல்லை, கண்ணு. வெள்ளியைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். ஏன் என்று எழுதுகிறேன், மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

எம்ஓடி பக்கத்தில் பாஸா ஃபெயிலா என்பதை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஒவ்வொரு சோதனைக்கும் கீழே அட்வைசரி என்று சில வரிகள் இருக்கும். இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் கவனி என்று சோதிப்பவர் எழுதி வைப்பது. சிவப்பு வண்டியில் 'பிரேக் பைப் துருப்பிடித்துள்ளது' என்ற வரி மூன்று சோதனையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று முறையும் யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். நடுவில் நான்கு வருடம் சோதனையே இல்லை. அதற்குப் பிறகு வருடத்துக்கு முந்நூறு, நானூறு மைல்தான் ஏறியிருக்கிறது. வெள்ளியில் ஒரு வருடம்கூட விடுபடவில்லை. ஒரு முறை முன்பக்கக் காயில் ஸ்பிரிங் உடைந்து ஃபெயில், இரண்டே நாளில் மாற்றிப் பாஸ். ஒரு வருடம் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தது அடுத்த வருடம் இல்லை. அந்த வீட்டுக்காரர் பணம் போட்டிருக்கிறார். இந்தக் கார்களில் ஸ்பிரிங் உடைவது சாதாரணம், பனிக்காகச் சாலையில் உப்புப் போடும் ஊரில் இன்னும் அதிகம். ஃபெயில் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதே. சரிசெய்யாத அட்வைசரிக்குத்தான் பயப்பட வேண்டும்.

நின்ற வண்டியில் என்ன கெடும்? ஆயில் சீல் காய்ந்து கசியும். பிரேக் டிஸ்க் துருவேறி உதடு கட்டும். டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாகிவிடும். டயர் ஓரத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருட டயரில் இந்த வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது. அதோடு, குறுகிய தூரம் மட்டும் ஓடிய எஞ்சினில் ஆயில் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

இதுதான் நம்மை ஐஎம்எஸ் பேரிங் விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. மாப்பிள்ளை இதைப் பற்றி நிறையப் படித்துக் கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் கவலைப்படுவது சரிதான். எஞ்சினின் அடிப்பாகத்தில், கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே ஐஎம்எஸ் என்கிற ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. கிராங்கின் சுழற்சியைச் செயின் வழியாக, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. பிளைவீல் பக்கம் அதைத் தாங்குவது சீல் போட்ட ஒரு பால் பேரிங். சீல் கெட்டால் உள்ளே இருக்கும் கிரீஸை ஆயில் கழுவிவிடும், ஆனால் அந்த ஆயில் உள்ளே புதிதாக ஓடி வந்து பேரிங்கைக் காப்பதும் இல்லை. பழைய, அழுக்கான ஆயில் அங்கேயே தேங்கும். பேரிங் உடைந்தால் தண்டு இடம் மாறும், டைமிங் போகும், வால்வு பிஸ்டனில் மோதும். எஞ்சின் போச்சு. 2000-ஐ ஒட்டி இரட்டை வரிசைப் பேரிங்கிலிருந்து ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள். வெள்ளியில் இருப்பது ஒற்றை வரிசை. சிவப்பில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், கழற்றினால்தான் தெரியும்.

இந்தப் பேரிங்கை எட்ட கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சையும் பிளைவீலையும் கழற்ற வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கிளட்ச் மாற்றும்போதே இதையும், கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். 1,28,000 மைல் ஓடிய வண்டி கிளட்ச் மாற்றாமல் வந்திருப்பது அபூர்வம். நீங்கள் கேட்க வேண்டிய பில் அதுதான்: எந்த வருடம், எத்தனை மைலில், எந்த ஒர்க் ஷாப், எந்தப் பேரிங் போட்டார்கள். 'மாற்றியாச்சு' என்று வாயால் சொல்வதை மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். பில் இருந்தால் வெள்ளி வண்டி விளம்பர விலைக்குத் தகும். இல்லையென்றால் கிளட்ச், பேரிங், சீல் மூன்றுக்கும் ஆகிற செலவை விலையில் கழித்துப் பேசு. அங்கே கூலி சேர்த்து 1,500 பவுண்டை எளிதாகத் தாண்டும்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடு. போனதும் பின்பக்க சைலன்சர் குழாயைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு வாருங்கள். படுத்த எஞ்சின் இது, சிலிண்டருக்குள் ஆயில் கொஞ்சம் தங்கும். ஸ்டார்ட் செய்ததும் சிறிது நீலப் புகை வந்து அடங்கினால் குற்றமில்லை. முதல் சில நொடி டிக்டிக் சத்தம் வந்து மறைவதும் அப்படியே. ஆனால் கொத்துக் கொத்தாக வெண்புகை கிளம்பி நிற்காமல் வந்தால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் பாகம் கெட்டிருக்கலாம். அதற்கு எளிய சோதனை ஒன்று: எஞ்சின் ஓடும்போதே பின் டிக்கியில் இருக்கும் ஆயில் மூடியைத் திருகித் தூக்கிப் பார். லேசான இழுப்பு இருக்க வேண்டும். கையை விடாமல் பலமாக உறிஞ்சினால் அந்தப் பாகம் போய்விட்டது. சூடான பிறகும் ஒரே தாளத்தில் டொக் டொக் என்று தட்டினால் பேரம் பேசவே வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கூலன்ட் தொட்டியும் பின் டிக்கியில்தான். பிளாஸ்டிக் தொட்டி, வயதானால் விரிசல் விடும். கார்ப்பெட்டை உயர்த்திக் கையை உள்ளே விடு. ஈரமோ, இனிப்பு வாடையோ, காய்ந்த வெள்ளைப் படிவமோ இருந்தால் கசிகிறது. வாட்டர் பம்பின் இறக்கையும் பிளாஸ்டிக். உடைந்தால் துண்டுகள் கூலன்ட் வழியில் போய் அடைக்கும், எஞ்சின் ஒரு பக்கம் மட்டும் சூடேறும். பம்ப் எப்போது மாற்றியது என்று பில்லில் பார். ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் வாங்கியதும் மாற்று. முன்பக்க பம்பரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். எஸ் மாடலுக்கு இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று ரேடியேட்டர். அவற்றுக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே இலை மக்கி, சேறாகி, அலுமினியத்தை அரித்துவிடும். பம்பரைக் கழற்றி வருடம் ஒரு முறை சுத்தம் செய்தாலே அது பிழைத்துக்கொள்ளும்.

கூரையை மூன்று முறை திறந்து மூடுங்கள். சிவப்பில் பின் ஜன்னல் பிளாஸ்டிக், 2003 மாடலில்தான் கண்ணாடி வந்தது. வெள்ளியில் கண்ணாடி இருக்கிறதா என்று போட்டோவிலேயே தெரியும். கூரையின் இரண்டு பக்கமும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அவை இலையால் அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். சீட்டுக்கு அடியில்தான் அலாரமும் சாவியும் சம்பந்தப்பட்ட எலக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இரண்டு பக்கமும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்து. இரண்டு சாவியும் இருக்கிறதா, இரண்டும் வேலை செய்கிறதா என்றும் பார்.

இனி உங்கள் இருவருக்குமானது. இந்த வண்டியின் ஸ்டீயரிங் முன்னுக்கும் பின்னுக்கும்தான் நகரும், மேலும் கீழும் நகராது. மாப்பிள்ளை உன்னைவிட எவ்வளவோ உயரம். அவருக்கு முழங்கால் இடிக்கிறதா, உனக்கு மீட்டர் மறைகிறதா என்பதை அரை மணி ஓட்டினால்தான் அறிய முடியும். இருவரும் ஓட்டுங்கள், இருவரும் பக்கத்து சீட்டிலும் உட்காருங்கள். கிளட்ச் கட்டையாக இருந்தால் அது தேய்ந்த அடையாளம், உன் கால் வலுவில்லாததால் என்று நினைத்துவிடாதே. மேடு பள்ளத்தில் கிறீச் கிறீச் என்றால் கீழ் ஆர்ம் புஷ். ஓட்டும்போது ஒருவர் ரேடியோவை அணைத்துவிட்டுச் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். காகிதங்களை நீ பார், எஞ்சினை அவர் பார்க்கட்டும். வண்டி பிடித்துப்போன ஆள் பில்லைச் சரியாகப் படிக்க மாட்டார், அதனால் வெள்ளிக்கு நீயே காகிதக்காரி. புறப்படும் முன்பே உச்ச விலையை ஒரு தாளில் இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் முன்னால் விவாதம் கூடாது. இருவரில் யாருக்கு மனசு ஒப்பவில்லையோ, காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும்.

பின்பக்க சீட்டே இல்லாத காரா என்று அம்மா கேட்கிறாள். முன்னும் பின்னும் இரண்டு டிக்கி இருக்கிறது, இரண்டு பேருக்கு ஒரு வாரப் பெட்டி தாராளமாகக் கொள்ளும் என்று சொல்லியிருக்கிறேன்.

மனசுக்குப் பிடித்திருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் போர்ஷே மட்டும் பார்க்கும் தனியார் ஒர்க் ஷாப் ஒன்றில் சோதனைக்கு விடு. சில நூறு பவுண்ட் ஆகும், கொடு. மூன்று விஷயங்களைக் குறிப்பாகக் கேள். ஒன்று, எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான மொத்த ஓட்ட மணி. மைலை அந்த மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 1,28,000 மைலுக்கு 3,700 மணி என்றால் 35 மைல் வேகம், நம்பலாம். பதினைந்தோ அறுபதோ வந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அல்லது அந்தக் கம்ப்யூட்டரே வேறு வண்டியினுடையதாக இருக்கலாம். இரண்டாவது, அதிவேகச் சுழற்சிப் பதிவு. முதல் வகை எண்ணிக்கை ஆக்சிலரேட்டரை அழுத்தி எல்லையைத் தொட்டதைக் காட்டும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டாம் வகை, மேல் கியரில் போகவேண்டிய வேகத்தில் தவறிக் கீழ் கியர் போட்டதால் வருவது. அது எந்த ஓட்ட மணியில் நடந்தது என்றும் பதிவாகியிருக்கும். நூறு மணிக்கு முன் நடந்ததா, ஆயிரம் மணிக்கு முன்பா என்பதில் நிறைய வித்தியாசம். மூன்றாவது, ஆயில் ஃபில்டரைக் கழற்றி, காகித மடிப்பை விரித்து, வெள்ளைத் தாளில் தட்டச் சொல். காந்தத்தில் ஒட்டும் பளபளத் துகள் இருந்தால் பேரிங் கரைகிறது. கறுப்பு, பழுப்பு பிளாஸ்டிக் துணுக்கு செயின் கைடிலிருந்து வரும், கொஞ்சம் இருந்தால் வயதுக்கு உரியது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுச் சிலிண்டர் சுவரில் கோடு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். 3.2-ல் அந்தக் குறை பின்னால் வந்த 3.4-ஐவிடக் குறைவு, இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

வி5சி என்கிற வண்டிப் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் முகவரியும் வண்டி நிற்கும் வீடும் ஒன்றா என்று பார். கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியாகச் சோதனை செய். சேசிஸ் நம்பரை முன் கண்ணாடிக்குக் கீழும் முன் டிக்கி மூடியின் ஸ்டிக்கரிலும் ஒப்பிடு. டீலரிடம் வாங்கினால் பெரிய குறை வெளிப்பட்டால் முப்பது நாளுக்குள் வண்டியைத் திருப்பித் தர சட்டம் இடம் தருகிறது. தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ரெடிங்கிலிருந்து லண்டனுக்கு அடிக்கடி போகிறீர்கள், அதனால் லண்டனின் புகை மாசுக் கட்டணமான யூலெஸ் பக்கத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். இந்த வயது வண்டியில் ஒன்று தேறும், ஒன்று தேறாது. தேறாவிட்டால் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். இன்சூரன்ஸில் யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவரையே முதன்மை ஓட்டுநராகப் போடு. பிரீமியம் குறையும் என்று பெயரை மாற்றினால் அது சட்டப்படி குற்றம், கிளெய்மும் கிடைக்காமல் போகலாம்.

பணத்தை இப்படிப் பிரி. மூன்று பங்காக்கி இரண்டு பங்குக்கு மட்டும் வண்டி பார். மூன்றாம் பங்கை முதல் வருடத்துக்கு எடுத்து வை. வாங்கிய வாரமே ஆயில் மாற்று, எட்டரை லிட்டருக்கு மேல் பிடிக்கும், புத்தகத்தில் போட்டிருக்கும் தரத்து ஆயில் மட்டும். அதன் பிறகு 5,000 மைல் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. பிரேக் ஆயிலும் சேர்த்து மாற்றிவிடு.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளியைப் பார்ப்பதாகச் சொல். எஞ்சினை முன்கூட்டி ஓட விடவேண்டாம் என்பதை மறுபடியும் நினைவுபடுத்து. கிளட்ச் பில்லைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, ஸ்டார்ட் செய்யும் சத்தத்தை முதல் இரண்டு நிமிடம் பின்பக்கத்திலிருந்து ரெக்கார்ட் செய்தும் அனுப்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா