மரத்தளமும் வருடாந்திரப் பூச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீட்டுப் பகுதியில் சென்ற வாரம் வெளியான, டெக் எனப்படும் திறந்தவெளி மரத்தளம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வருடம் தவறாமல் பூச்சு அடியுங்கள், அது முடியாதவர்கள் மரத்தைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் கலந்த பலகைக்கு மாறிவிடுங்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். கையில் தாராளமாகப் பணம் இருப்பவர்களுக்குச் சரி. மற்றவர்களை இந்த யோசனை வீணாகப் பயமுறுத்தும் என்பதால் எழுதுகிறேன்.

நான் தச்சன் இல்லை. கணக்கு எழுதிப் பிழைத்து ஓய்வு பெற்றவன். வீட்டின் பின்பக்கத் தளத்தை நானேதான் பராமரிக்கிறேன். தொழில் பழக்கம் விடவில்லை, அதற்கும் ஒரு செலவு நோட்டு வைத்திருக்கிறேன். அந்த நோட்டில் பெரிய தொகையெல்லாம் பூச்சு டப்பாக்களுக்குப் போயிருக்கிறது. ஆனால் தளத்தைக் காப்பாற்றியதோ பிரஷ், திருகாணி, ஒரு பட்டித் தகடு என்று ஓரமாக எழுதியிருக்கும் சில்லறைச் செலவுகள்தான்.

மழையில் நனைவதால் மரம் இற்றுப்போவதில்லை. நனைந்தபின் காயாமல் கிடப்பதால்தான் இற்றுப்போகிறது. மரத்தைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு அங்கே பிழைப்பு இல்லை. எனவே, எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், தளத்தில் எந்த இடம் காய்வதே இல்லை என்று பார்க்க வேண்டும். மழை விட்டு மறுநாள் வெயில் வந்ததும் ஒரு நடை போய்ப் பாருங்கள். எல்லாம் வெளுத்துக் கிடக்க, சில இடங்கள் மட்டும் கறுத்து நிற்கும். பூந்தொட்டியின் அடி, ரப்பர் விரிப்பின் அடி, பலகைகளின் நுனி, படிக்கட்டு சேரும் மூலை. அந்த இடங்களைச் சரி செய்ய டப்பா எதுவும் வேண்டாம். தொட்டிக்கு அடியில் நாலு சின்னக் கட்டைகளை வைத்துத் தூக்கிவிட்டால் காற்று புகுந்துவிடும். விரிப்பை எடுத்துவிடலாம்.

பலகைகளுக்கு நடுவில் விடும் இடைவெளியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் வடியவும் காற்று போகவும் விட்ட வழி அது. சருகு, விதை, தலைமுடி, மண் எல்லாம் அதில் இறங்கி அடைத்துக்கொள்ளும். சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டை அதில் விட்டு இழுத்தால் கொஞ்ச தூரம் சுலபமாகப் போகும். கீழே தாங்கும் சட்டம் குறுக்கே வருகிற இடத்தில் டக்கென்று நிற்கும். அடைசல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை அந்த அடைசலைக் கிளறியபோது கறுப்பாக, பிசுபிசுப்பாக வந்தது. அதோடு இரண்டு இலை விட்ட ஒரு செடியும் வேரோடு வந்தது. செடி முளைக்கிற அளவுக்கு அங்கே ஈரமும் மண்ணும் தங்கியிருக்கிறது என்றால், சட்டத்தின் மேல்முகம் என்ன பாடுபட்டிருக்கும்! பலகை போனால் ஒரு பலகையை மாற்றிவிடலாம். சட்டம் போனால் மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும். இந்த அடைசலை எடுப்பதற்குக் காசு கிடையாது, முதுகுவலி மட்டும்தான்.

இதைவிடப் பெரிய விஷயம், எது கெட்டிருக்கிறது, எது கெடவில்லை என்று கண்டுபிடிப்பது. எங்கள் தளத்தைப் பார்க்க ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். பெயர் வேண்டாம். மேலே நின்றபடியே காலால் இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாம் போச்சு, முழுதாக மாற்றினால்தான் ஆகும் என்றார். குனிந்து அடியில் பார்க்கவே இல்லை. அவர் போனபிறகு ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வரிசையாகக் குத்திப் பார்த்தேன். நல்ல மரம் குத்தை வாங்காது. அழுத்தி நெம்பினால் நீளமான சிம்பாகப் பெயரும். இற்ற மரத்தில் முனை சத்தமில்லாமல் உள்ளே போகும், நெம்பினால் துண்டு துண்டாக உதிரும். எங்கள் தளத்தில் அப்படி உதிர்ந்தது படிக்கட்டு ஓரம் தொட்டிகள் இருந்த இடத்தில் இரண்டு பலகைகளின் நுனி மட்டும். மற்றதெல்லாம் வைரம் பாய்ந்த மரம். வெயிலில் நரைத்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த நுனிகளை வெட்டிவிட்டுத் துண்டுப் பலகை போட்டேன். துண்டின் இரு முனையும் உட்கார இடம் வேண்டும் என்பதால், சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு கட்டையைச் சேர்த்து முடுக்க வேண்டியிருந்தது. வெட்டிய முகத்தில் மறக்காமல் எண்ணெய் கொடுக்க வேண்டும். பலகையின் பக்கங்களைவிட வெட்டுமுகம் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். மேற்பரப்பில் வழவழவென்று பூச்சு அடித்துவிட்டு நுனியை வெறுமனே விட்டிருக்கும் தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேல்முகம் ரொம்ப வெடித்துச் சிம்பு கிளம்பிய பலகைகளைக் கழற்றி அப்படியே திருப்பிப் போடலாம். அடிமுகத்தில் வெயில் படாததால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குத்திப் பார்த்து உறுதிசெய்துகொண்டு போடுங்கள். திருப்பும்போது பழைய ஆணிகளை விட்டுவிட்டுத் திருகாணிக்கு மாறுங்கள். பலகை நனைந்து விரிந்து, காய்ந்து சுருங்கும்போது ஆணி மெல்ல மேலே கிளம்பிவிடும். திருகாணி அப்படிச் சுலபமாகக் கிளம்பாது. இங்கே மட்டும் மலிவு பார்க்காதீர்கள். இன்றைக்கு மரத்துக்குப் போடும் பாதுகாப்பு மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. அது சாதா இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த திருகாணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் நிற்கும்.

பழைய தளம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் மரத்துக்குப் போட்ட மருந்தில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. அமெரிக்காவில் 2003-ன் முடிவோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு அதை நிறுத்தினார்கள். அந்தக் காலத்துப் பச்சை படிந்த மரமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உப்புத்தாள் போடவே கூடாது. வெட்டிய துண்டுகளை அடுப்பில் வைக்கவும் கூடாது.

கழுவும் விஷயத்துக்கு வருகிறேன். அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. பழக்கமில்லாதவர் கையில் அது மரத்தின் மென்மையான ரேகைகளைத் தோண்டி எடுத்துவிடும். காய்ந்தபிறகு வெறும் காலோடு நடக்க முடியாது. பிறகு உப்புத்தாள் செலவு தனி. நான் பயன்படுத்துவது சோடியம் பெர்கார்பனேட். துணி துவைக்கும் ஆக்சிஜன் ப்ளீச் தூள்களில் வேலை செய்வது இதுதான். பொட்டலத்தில் சொன்ன அளவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, தளத்தில் ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்திருந்து, நைலான் பிரஷால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தால் பாசியும் அழுக்கும் நுரையோடு கிளம்பும். கம்பிப் பிரஷ் வேண்டாம், உடைந்த கம்பித் துணுக்குகள் மரத்தில் தங்கித் துருப் புள்ளிகளாகிவிடும். குளோரின் ப்ளீச்சும் வேண்டாம். அது மரத்தின் நாரையும் கெடுக்கும், ஆணியையும் அரிக்கும்.

ஆணியைச் சுற்றி மை கொட்டியதுபோலக் கறுப்பு இருக்கிறதே, அது அழுக்கு இல்லை. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

இனி பூச்சு. மரம் நரைப்பதைப் பார்த்ததும் எல்லோரும் டப்பா வாங்க ஓடுகிறார்கள். நரை என்பது வெயில் மரத்தின் மேல்தோலைச் சிதைப்பதால் வருவது, அதற்குக் கீழே பலகை பலமாகத்தான் இருக்கும். பூச்சு தேவையா என்று மரத்திடமே கேட்டுவிடலாம். காய்ந்த நாளில் சில இடங்களில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துளித்துளியாக உருண்டு நின்றால் போன தடவை அடித்தது இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டு மரம் கறுத்தால் அந்த இடத்துக்குத் தேவை. அந்த இடத்துக்கு மட்டும்! எங்கள் தளத்தில் கூரை நிழல் விழும் பாதிக்கும் வெயிலில் கிடக்கும் பாதிக்கும் பதில் ஒரே மாதிரி வந்ததில்லை. மொத்தத் தளத்துக்கும் வருடாவருடம் ஏன் அடிக்க வேண்டும்?

இப்படி இடம் பார்த்து அடிக்க வேண்டுமானால் மரத்துக்குள் இறங்குகிற, கொஞ்சம் நிறம் கலந்த எண்ணெய்ப் பூச்சாக இருக்க வேண்டும். நிறத்துகள்தான் வெயிலைத் தடுக்கும், நிறமே இல்லாத பூச்சு சீக்கிரம் தோற்றுவிடும். பெயிண்டும் வார்னிஷும் மேலே தோலாக நிற்பவை. ஓரிடத்தில் வெடித்தால் தண்ணீர் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், முழுவதையும் சுரண்டினால்தான் மறுபடி அடிக்க முடியும். முதல் செலவு குறைவாகத் தெரியும், பின்னால் கணக்கு ஏறும். எண்ணெய்ப் பூச்சை மெல்லியதாகக் கொடுத்து, மரம் குடிக்காமல் நிற்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். தாராளமாக ஊற்றினால் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். கழுவிய தளம் இரண்டு நாளாவது உலர வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். உப்புத்தாள் போடுவதானால் 60 அல்லது 80 எண் போதும், அதைவிட நைசான தாளால் இழைத்தால் மரம் எண்ணெயைச் சரியாக வாங்காது.

பணம் மிச்சம் என்று சிலர் வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுகிறார்கள். வழுக்கும், மண்ணைக் கெடுக்கும், பிறகு எந்தப் பூச்சும் அதன்மேல் பிடிக்காது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. தளம் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் இருக்கும் தாங்குசட்டம். அது ஆணியில் மட்டும் நிற்கிறதா, போல்ட் போட்டிருக்கிறதா, சுவருக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தகடு மறைப்பு உண்டா என்று விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். அது விட்டால் மேலே நிற்கும் ஆட்களோடு தளம் கீழே வரும்.

கடைசியாக, நான் பேனாவை எடுத்ததற்கே முக்கியக் காரணம் இது. ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம் என்று கட்டுரையில் இருந்தது. வேலை முடிந்து அந்தத் துணியை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால். சேரும்போது சூடு வரும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணிக்கும் இதே கதைதான். ஒற்றையாக விரித்து வெளியே உலரப் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வைக்க வேண்டும். இந்த ஒன்றையாவது அடுத்த வார வீட்டுப் பகுதியில் சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இந்நேரம் எண்ணெய் வாங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்