சிங்கப்பூர் தேக்காவில் உள்ள நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களே, அக்காமார்களே,

வணக்கம். கைக்குழந்தை உள்ள வீட்டார் சிராங்கூன் சாலைக்கு மருந்துச் சாமான் வாங்க வருவது உங்களை நம்பித்தான். அப்படி நம்பி வாங்கும் ஒரு சரக்கைப் பற்றி எழுதுகிறேன்: அதிவிடயம்.

பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் காலங்காலமாகக் கொடுத்து வரும் வேர் அது. ஆனால் நாவி அல்லது வத்சநாபி என்கிற நச்சு வேரும் அதிவிடயமும் ஒரே அகோனிட்டம் பேரினம்தான். நாவியில் உள்ள அகோனிட்டின் என்ற ஆல்கலாய்டு (செடியில் இயற்கையாக உண்டாகும் வேதிப்பொருள்) 2 மில்லிகிராம் போனாலே ஆளைக் கொல்லக்கூடும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. இரண்டு வேரும் இமயமலைப் பக்கத்திலிருந்து வருபவை. அதிவிடயம் காட்டில் அருகிவிட்டது. விலை அதிகமுள்ள சரக்கில் கலப்படம் நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முழு வேரை உடைத்தால் அதிவிடயத்தின் உள்ளே மாவாக வெள்ளை தெரியும், அதில் சில கறுப்புப் புள்ளிகள். நாவி பழுப்பேறி இறுகியிருக்கும். பொடித்துவிட்டால் அந்த அடையாளமும் போச்சு. தயவுசெய்து பொடியாக வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

நாவி சேர்ந்த மாத்திரைகளில் ‘சுத்தி செய்தது’ என்று போட்டிருப்பார்கள். அந்தச் சுத்திக்காகக் கோமியத்தில் ஊறவைப்பதும் பாலில் வேகவைப்பதும் வெறும் சடங்கல்ல. ஈரமும் சூடும் அகோனிட்டினை உடைத்து நஞ்சைக் குறைக்கின்றன. ஆனால் எவ்வளவு உடைந்தது என்பது வேரின் பருமனையும் வெந்த நேரத்தையும் பொறுத்தது. அதை ஆய்வுக்கூடம்தான் அளந்து சொல்ல முடியும்.

சீனப் பாரம்பரியத் தயாரிப்பு மருந்துகளுக்கு விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இந்திய மருந்துகளுக்கு அந்த முன் அனுமதி இல்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. அதனால்தான் இந்த மடல் ஆணையத்துக்கு அல்ல, உங்களுக்கு.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும் (batch) ஆல்கலாய்டு அளவு காட்டும் ஆய்வு அறிக்கையை இறக்குமதியாளரிடம் கேளுங்கள். தராவிட்டால் சரக்கைத் திருப்புங்கள். தனிக் கடைக்குச் செலவு தாங்காது என்றால் நாலைந்து கடை சேர்ந்து ஒரே தொகுதியை வாங்கிச் சோதிக்கலாம். பொட்டலத்தில் தாவரவியல் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கட்டும். வாங்கிப்போனவர் யாராவது வாய் மரத்துப்போகிறது என்று போன் செய்தால், உடனே ஆம்புலன்ஸுக்கு 995 அழைத்து, பொட்டலத்தையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்